பிளக்கின் மேல் நான்கு புள்ளிகள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய கையோடு ஆர்வில் அத்தான் அதைப் பார்த்துவிடமாட்டார். முதலில் கண்ணாடியை எடுத்துச் சட்டையின் இடதுபக்க நுனியால் துடைப்பார். வலதுபக்க நுனியில் எப்போதும் கிரீஸ் இருக்கும். பிறகு முகத்தைத் தோள்பக்கம் திருப்பி மூச்சை முழுவதும் வெளியே விடுவார். பிளக்கின் மேல் மூச்சின் ஈரம் படக்கூடாதாம். அதன்பின்தான், காது பார்க்கும் டாக்டர்கள் வைத்திருக்கிற சின்ன விளக்கைப் பையிலிருந்து எடுத்து, பிளக்கின் வாய்க்குள் வெளிச்சத்தை விட்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வெள்ளைப் பீங்கானின் அடியாழத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று இருக்கவேண்டும். இருந்தால் பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலக்கின்றன. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி மூச்சு முட்டி ஓடும். வளையமே இல்லாமல் எலும்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே சூடு ஏறுகிறது. அவர் இதைப் பார்த்து முடிப்பதற்குள் நான் ஒரு கவிதையை இரண்டு தடவை வாசித்துவிடலாம். வாசித்தும் இருக்கிறேன்.

"என் மூஞ்சிய ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா?" என்பாள் அவர் மனைவி, என் அக்கா ஜேனியல்.

"உன் மூஞ்சி எல்லாத்தையும் தானே சொல்லிடும். இதுகிட்ட கேட்டு வாங்கணும்."

அன்று, வேகப் பந்தயம் நடக்கும் உப்புவெளியில், அவர் விளக்கை அணைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடி அணைத்தார். நான் அறிந்தவரை ஒரு பிளக்கை அவர் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் அக்கா மணிக்கு நூற்று நான்கு புள்ளி ஒன்று மைலில் ஓடி முடித்திருந்தாள். முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. அந்தப் பிரிவில் ஒன்பது வருஷமாக நிற்கும் ரெக்கார்டு நூற்று மூன்று புள்ளி நான்கு மைல். ஆனால் இங்கே ஒரு ஓட்டத்துக்கு மதிப்பு கிடையாது. பழைய வேகத்தைத் தாண்டியவர்கள் வண்டியை நேராகக் கயிறு கட்டிய அடைப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அங்கே நான்கு மணி நேரம் வேலை பார்க்கலாம். பிறகு வண்டியைக் காவலில் விட்டுவிட்டுப் போய், மறுநாள் விடிந்ததும் வந்து இரண்டாவது தடவை ஓட்டவேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. இரண்டு மணிக்கு எங்கள் வண்டி அடைப்புக்குள் வந்தது. வாசலில் நாற்காலி போட்டிருந்த அம்மாள் அட்டையில் நேரத்தைக் குறித்தாள். ஆறு மணிவரை அவகாசம்.

ஆர்வில் பெக்ஸ்ட்ரண்டுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடப் பஸ்களுக்கு மெக்கானிக். எங்கள் ஊர் கிராண்ட்ஸ்வில்லில் மஞ்சள் பஸ் ஏறிய எந்தப் பிள்ளையும் அவர் பெயர் தெரியாமலே அவர் கைவேலையில்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறது. டீசல் எஞ்சின் அவருக்குச் சோறு. இந்த ஒற்றை சிலிண்டர் வேறு எதுவோ. மூன்று குளிர்காலம் கராஜில் உட்கார்ந்து புகைக்குழாய் செய்தார். தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, வெல்டிங் வைத்து, ஊருக்கு வெளியே ஜல்லிக்குழி ரோட்டில் ஓட்டிப் பார்த்து, அறுத்து, மறுபடி ஒட்டி. பிடிக்காத குழாய்கள் கராஜ் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கின. ஒருநாள் எங்கள் சபையின் பிஷப் வாசலில் வந்து நின்றார்.

"சகோதரர் பெக்ஸ்ட்ரண்ட், சபையில பாட்டுப் பயிற்சி நடக்குது. பெண்கள் குரல் ஒண்ணும் கேக்கல."

"மன்னிச்சுக்குங்க பிஷப். ஏழாவது குழாய் கொஞ்சம் வாயாடி."

"எட்டாவது?"

"அது உங்கள மாதிரி, பிஷப். அமைதியா இருந்தே காரியத்த முடிச்சுடும்."

எட்டாவது அப்படியொன்றும் முடிக்கவில்லை. பதினோராவதுதான் முடித்தது. நீளமாக விரிந்துபோய், நுனியில் ஒரு விரல்கடை மட்டும் உள்வாங்கும் குழாய். எரிந்த புகையை அது வெறுமனே வெளியே விடுவதில்லை, உறிஞ்சி இழுக்கும். அந்த இழுப்பில் புதுக் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதனால் குழாயை மாற்றும்போதெல்லாம் கார்ப்பரேட்டரில் ஜெட்டையும் மாற்றவேண்டும். ஜெட் என்பது பித்தளையில் ஊசித்துளை போட்ட ஒரு சின்னத் திருகு; துளை எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெட்ரோல். அத்தான் தன் ஜெட்டுகளை என் அம்மாவின் பழைய மாத்திரைப் பெட்டியில் வைத்திருந்தார். ஏழு அறை, ஏழு கிழமை. ஞாயிறு ஆகச் சின்னத் துளை, சனி ஆகப் பெரியது. அதனால் எங்கள் வீட்டில், "இன்னிக்குச் செவ்வாய் போட்டேன், புதன் தாங்காது போல," என்று பேசிக்கொள்வது சாதாரணம். வெளியாள் கேட்டால் எங்களுக்குக் காலண்டர் தெரியாது என்று நினைப்பார்.

அன்று நூற்று நான்கில் ஓடியது திங்கள்.

போன வருஷத்தையும் சொல்லவேண்டும். சொல்லாமல் இது புரியாது. போன வருஷம் ஓட்டத்துக்கு முன் பிளக்கைப் பார்த்தபோது வளையம் வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஓடும்," என்று சொல்லிவிட்டு அவர் விளக்கைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது மைலில், எழுபதோ எண்பதோ போகையில், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அக்கா உப்பின்மேல் இருநூறு அடி சறுக்கினாள். காரை எலும்பில் இப்போதும் எஃகுத் தகடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் வளையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவள் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள்; கண்ணாடியில் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"மச்சான், இங்க வா," என்றார் அத்தான். குரல் தாழ்ந்திருந்தது. "உன் கண்ணு இளசு. என்ன தெரியுதுன்னு சொல்லு."

பார்த்தேன். அடியில் வளையம் நன்றாக இருந்தது, டீக்கறை மாதிரிப் பழுப்பு. ஆனால் மேலே, பீங்கான் விளிம்பில், ஊசிமுனை அளவில் புள்ளிகள்.

"மூணு புள்ளி. இல்ல, நாலு."

"என்ன கலரு?"

"பளபளன்னு இருக்கு அத்தான். வெள்ளியாட்டம்."

அவர் பிளக்கை வாங்கிக்கொண்டார். இந்த மைதானத்தில் வெள்ளி நிறப் புள்ளிக்கு ஒரே அர்த்தம்தான். பிஸ்டன் அலுமினியம். உள்ளே வெடிப்பு தாறுமாறாகப் போனால் அதன் தலை உருகத் தொடங்கும். உருகிய துளி தெறித்துப் பிளக்கில் ஒட்டும். அடுத்த ஓட்டத்தில் பிஸ்டன் பொத்துக்கொள்ளும், அல்லது ஒட்டிக்கொள்ளும். வளையமோ எல்லாம் சரி என்கிறது. எஞ்சின் தலையைத் திறந்து பார்த்துவிடலாம். ஆனால் திறந்தால் மறுபடி மூடும்போது இடையில் வைக்க எங்களிடம் புது காஸ்கெட் கிடையாது. திறப்பதும் ஓட்டத்தை விடுவதும் ஒன்றுதான்.

அக்கா தோல் உடையை இடுப்புவரை இறக்கிவிட்டுக்கொண்டு, ரூட் பீர் சோடா கேனைக் கழுத்தில் உருட்டியபடி வந்தாள். உப்பிலிருந்து எகிறும் வெயில் அவள் முகவாய்க்குக் கீழே, மூக்குத் துவாரத்துக்குள் எல்லாம் சிவக்க வைத்திருந்தது.

"என்ன சொல்லுது உன் சாமி?"

"வளையம் நல்லாருக்கு," என்றார் அத்தான்.

பொய் இல்லை. பாதி. பிளக் அவர் சட்டைப்பைக்குள் போனது. அக்கா ஒரு நொடி அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு கேனைத் திறந்தாள்.

மூன்று மணி ஆயிற்று. அவர் செயினை இறுக்கினார். இறுக்கியதைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். குழாய் வாயில் ஒட்டிய உப்பைக் குச்சியால் சுரண்டினார். மாத்திரைப் பெட்டியை எடுத்துத் திறக்காமலே பக்கத்தில் வைத்தார். நான் லாரியின் நிழலில் கவிதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே போய் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன். மூன்று தடவையும் உட்கார்ந்தேன். எனக்கு அது பழக்கம்.

நான்கு மணி சுமாருக்குத் தர்பூசணித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு கிம்பால் ராஸ்பண்ட் வந்தார். ஐடஹோக்காரர், மாட்டு டாக்டர். அந்த நூற்று மூன்று புள்ளி நான்கு அவருடையதுதான்.

"என்ன தம்பி, என் ரெக்கார்டுக்குப் பாடை கட்டுறீங்களாமே? நான் ஒரு பக்கம் தூக்கட்டுமா?"

"நாளைக்குக் காலைல வாங்க டாக்டரே, நாலு பேரு வேணும்," என்றார் அத்தான். சிரிக்கவில்லை.

ராஸ்பண்ட் தர்பூசணியை நிறுத்தினார். "என்னாச்சு?"

அத்தான் பிளக்கை எடுத்து நீட்டினார். ராஸ்பண்ட் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளையம் ஜோரு," என்றார். "ஆனா மேல இருக்கறது எனக்குப் புடிக்கல. பெட்ரோல ஏத்திக் குடு. ரெண்டு மூணு படி."

"ஏத்துனா வண்டி மந்தமாயிடும். உங்க ரெக்கார்டு உங்ககிட்டயே இருக்கும்."

"ஆமா, இருக்கும்."

"அப்ப நீங்க சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?"

"எப்படி வேணா எடுத்துக்க. நான் மாட்டு டாக்டர் தம்பி. மாடு பொழைச்சாலும் செத்தாலும் எனக்கு ஃபீஸ் உண்டு. எந்தப் பக்கமும் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல." அவர் குரலை இறக்கினார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

அத்தான் குனிந்து செயினைப் பார்த்தார். ராஸ்பண்ட் பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

கணக்கு எனக்கே தெரிந்தது. சராசரி தாண்டவேண்டுமென்றால் காலையில் நூற்று இரண்டு புள்ளி ஏழுக்கு மேல் ஓடவேண்டும். விடியற்காலைக் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், கூடுதல் பெட்ரோல் கேட்கும். அதற்காக ஒரு படி ஏற்றிச் செவ்வாய் போடுவது வழக்கம். செவ்வாய் போட்டால் நூற்று நான்கு நிச்சயம். பிஸ்டனைக் காப்பாற்ற வியாழன்வரை போகவேண்டும். வியாழன் இரண்டு மைலைத் தின்றுவிடும்.

ஐந்து மணிக்கு வாசல் அம்மாள் குரல் கொடுத்தாள். "பெக்ஸ்ட்ரண்ட், இன்னும் ஒரு மணி நேரம்."

அத்தான் வண்டியின் பக்கத்தில் உப்பின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்தார். செவ்வாய் அறையிலிருந்து ஜெட்டை எடுத்து விரல்நுனியில் வைத்துக்கொண்டார். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். நான் புத்தகத்தை மூடினேன். இந்தத் தடவை எழுந்தவன் உட்காரவில்லை, இரண்டடி நடந்தும்விட்டேன். அப்போது அவர் தலையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"ஜேனி, கொஞ்சம் வா."

அக்கா வந்து முட்டிபோட்டாள். அவர் பிளக்கை எடுத்து, விளக்கைப் பிடித்து, அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் கடைசியில்.

"பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"வளையம் இல்லங்குது. இந்தப் புள்ளி ஆமாங்குது."

"ரெண்டு மணிக்கே பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். "செவ்வாய் போட்டா?"

"ரெக்கார்டு வரும். நீ வருவியான்னு தெரியல."

"வியாழன்?"

"நீ வருவ. ரெக்கார்டு வராது."

"மூணு வருஷம் ஆர்வில். பதினோரு குழாய். உத்தரத்துல எடமில்ல."

"உத்தரம் கெடக்குது. ஆணி அடிச்சுக்கலாம்." அவர் செவ்வாயைப் பெட்டிக்குள் போட்டார். போன வருஷத்தைப் பற்றி இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அடிக்கிண்ணத்தைத் துடைத்தார். பிறகு, "போன தடவையும் பாத்தேன் ஜேனி. வெளுத்திருந்துச்சு. பாத்துட்டுத்தான் விட்டேன்," என்றார்.

உப்பின்மேல் எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவர் சட்டையில் இருந்த ஒரு உப்புப் பொருக்கைத் தட்டிவிட்டாள்.

"போடு, வியாழனப் போடு," என்று சொல்லி எழுந்து கயிற்றோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. ஏமாற்றத்தில் அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கிண்ணத்தை மூடித் திருகினார்.

மறுநாள் ஏழு மணிக்கு மலைகள் ஊதாவாக இருந்தன. உப்பு இரவின் ஈரத்தில் டயரோடு ஒட்டியது. ஜெட்டை மாற்றியும் பயம் போகவில்லை. பிஸ்டனில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தால் வியாழனும் காப்பாற்றாது. அத்தான் அவள் ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"கழுத்த நெரிச்சே கொன்னுடுவ போல," என்றாள் அவள் உள்ளிருந்து.

"இஞ்சின் சத்தத்துல ஒரு சின்ன கடகட கேட்டாலும் கிளட்ச்சப் புடி. ரெக்கார்டு நாசமாப் போகட்டும்."

"சரி சரி. தள்ளு."

அவள் கிளம்பினாள். பின்னால் லாரியை ஓட்டிப்போவது என் வேலை. பக்கத்துத் தடத்தில் நாங்கள் வரும்போதே அவள் ஒரு கறுப்புப் புள்ளியாகி, புள்ளி தரையைவிட்டு எழும்பிக் காற்றில் மிதப்பது போலாகி, இல்லாமல் போனாள். சத்தம் மட்டும் மிச்சம். பதினோராவது குழாயின் சத்தம் வெட்டவெளியில் கம்பி இழுப்பது போல நீண்டுகொண்டே போனது. அத்தான் பக்கத்து இருக்கையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் எதையோ எண்ணியது.

சத்தம் அறுந்தது.

ஓட்டம் முடிந்ததும் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துவிடுவார்கள், பிளக் ஓடிய நிறத்தோடேயே இருக்கவேண்டும் என்பதற்காக. சத்தம் அறுவது சகஜம். போன வருஷமும் இப்படித்தான் அறுந்தது.

"கோட்டத் தாண்டிட்டாளா?" என்றார்.

"தெரியல அத்தான்."

"மிதி மச்சான். மிதி, மிதி."

மிதித்தேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை தவிர ஒன்றுமில்லை. நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஜெபமா, வாசித்த வரியா, நினைவில்லை. கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கோடு முளைத்தது. கோடு நின்றுகொண்டிருந்தது. வண்டி நிற்க, டேங்க்மேல் கையூன்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள் அக்கா.

லாரி நிற்பதற்குள் அத்தான் குதித்துவிட்டார். ஓடினவர் அவளிடம் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் சிலிண்டரில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டார்.

"லூசு," என்றாள் அவள்.

நூற்று இரண்டு புள்ளி மூன்று. சராசரி நூற்று மூன்று புள்ளி இரண்டு. ராஸ்பண்ட் ஒரு முழுத் தர்பூசணியைக் கொண்டுவந்து எங்கள் லாரியின் பின்பலகையில் வைத்தார். "புள்ளி ரெண்டுதானே தம்பி," என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் வெட்டிக்கொடுத்தார். அத்தான் மூன்று துண்டு தின்றார். தோற்ற மனிதன் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் வெண்டோவரில் நிறுத்தி உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள ஃப்ரை சாஸும் வாங்கி, அக்காவுக்கு ஊட்டிக்கொண்டே வந்தார். "எனக்குக் கையிருக்கு," என்று அவள் சொல்லச் சொல்ல ஊட்டினார்.

அக்டோபரில் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் தலை சுத்தமாக இருந்தது. மெல்லிய கரி, அவ்வளவுதான். "பாத்தியா மச்சான், வியாழன் காப்பாத்திடுச்சு," என்று அதைத் துடைத்துக் கராஜ் அலமாரியில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். உருகத் தொடங்கிய உலோகத்தில் ஊசி குத்தினது போலக் குழிகளாவது இருக்கவேண்டும். ஒன்றுகூட இல்லை. அவருக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் கடைக்குச் சாமான் வாங்க அக்காவோடு பக்கத்து ஊர் டூவில்லாவுக்குப் போனேன். அவள் ஓட்டினாள். பனி லேசாகத் தூறியது. பிஸ்டனில் குழியில்லாததைப் பற்றிச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"அது பிஸ்டனே இல்லடா. பேஸ்ட்டு."

"என்ன பேஸ்ட்டு?"

"மரை ஒட்டிக்காம இருக்கத் தடவுவாங்களே, வெள்ளிக் கலர்ல. போன வருஷம் பிளக்கு மரை தேஞ்சு படாத பாடு பட்டோம்ல. அன்னிக்குக் காலைல புதுப் பிளக்கு நான்தான் மாட்டுனேன். மாட்டும்போது துளி தடவிட்டேன். அவருகிட்ட சொல்லல, சொன்னா கத்துவாரு."

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது. நூற்று நான்கு ஓடியிருக்கும். செவ்வாயே போதும். ரெக்கார்டு அவள் பெயரில் இருந்திருக்கும்.

"அத்தான் எஞ்சினப் பிரிச்சப்பதான் உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல," என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடி. "அடைப்புல என்னைக் கூப்பிட்டு விளக்கப் புடிச்சுக் காட்டினாருல்ல, அப்பவே தெரியும்."